ஹிஸ்டமின் எங்கிருந்து வந்தது? காசநோய்க் குளிசையும் சூரை ஆணமும், தவறாக எழுதப்பட்ட ஓர் ஒவ்வாமையும்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

மட்டக்களப்பு மாவட்டத்தின் வடக்கே ஒரு கரையோரக் கிராமம். நோயாளி 47 வயதுக் கடற்றொழிலாளி. மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமி, எல்லோரும் ஒரே வீட்டில். இருமலும் மாலைக் காய்ச்சலும் இரண்டு மாதமாக இருந்து, சளிப் பரிசோதனையில் நுரையீரல் காசநோய் உறுதியானது. நிறை 51 கிலோ. நான்கு மருந்து சேர்ந்த குளிசை நாளுக்கு மூன்று, காலையில் வெறுவயிற்றில், ஊரிலேயே ஒரு சுகாதாரப் பணியாளர் முன்னால் விழுங்க வேண்டும். அந்த மூன்று குளிசையில் ஐசோநியாசிட் மட்டும் 225 மில்லிகிராம்.

ஐந்து கிழமை ஒரு நாளும் தவறாமல் போட்டார். காய்ச்சல் விட்டது, பசி திரும்பியது. தோலில் தடிப்பில்லை, கண் மஞ்சளாகவில்லை. தொடக்கத்தில் வாய்க்கு எதுவும் பிடிக்காமல் கஞ்சியும் சொதியுமாக இருந்தவர். மீன் என்று சாப்பிட்டது வாவியில் பிடித்த செப்பலிதான்.

நான் அப்போது அந்தப் பகுதியில் ஒரு சிறிய வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் கடமையில் இருந்தேன். கீழே வரும் பிழைகளில் பாதி என் கையால் நடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை

கச்சான் காற்று அடிக்கும் காலம், வெயில் கொளுத்தியது. காலையில் மச்சானின் வள்ளத்தில் சூரை பட்டிருந்தது. அவர் கறிக்கு ஒரு மீனைத் தனியாக எடுத்து, ஷொப்பிங் பையில் போட்டு, மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, இரண்டு இடத்தில் நின்று கதைத்து, பத்தரைக்குத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். ஐஸ் இல்லை. மீன் பார்க்க நன்றாகவே இருந்தது, செவுள் சிவப்பு, கெட்ட மணம் எதுவும் இல்லை. மாமி புளி கரைத்து ஆணம் வைத்தார். ஐந்து கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக மருமகன் ஆசைப்பட்டுக் கேட்டுச் சாப்பிடுகிறார் என்று அவருடைய கோப்பையில் இரண்டு துண்டு கூடப் போட்டிருக்கிறார்.

ஒரு மணிக்குச் சாப்பாடு. ஒன்றரைக்கு முகம் நெருப்பாக எரியத் தொடங்கியது. தலை வெடிக்கிற மாதிரி இடி, நெஞ்சு படபடப்பு, கண் சிவப்பு, கழுத்தெல்லாம் அரிப்பு, ஒரு வாந்தி. முச்சக்கர வண்டியில் ஏற்றி எங்களிடம் கொண்டுவரும்போது மணி 2.20.

நான் கண்டது: நாடி 124. இரத்த அழுத்தம் 90/60. ஒட்சிசன் 97 வீதம். மூச்சில் இழுப்பில்லை, உதடும் நாக்கும் வீங்கவில்லை. முகம், கழுத்து, மேல்நெஞ்சு முழுக்க ஒரே சீரான சிவப்பு, கடலில் நாள் முழுக்க நின்றவரின் வெயில் சிவப்பு மாதிரி. தடித்தடியாக எழும்பும் தணர்ப்புகள் ஒன்றுகூட இல்லை. அதைப் பார்த்தேன், ஆனால் எழுதிவைக்கவில்லை.

தோலில் மாற்றம், வாந்தி, அழுத்தம் விழுந்திருக்கிறது. உணவுக்குப் பின் திடீரென்று இப்படி வந்தால் முதலில் கடும் ஒவ்வாமை என்று எடுத்தே நடக்க வேண்டும். அட்ரினலின் 0.5 மில்லிகிராம் தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட்டோம், காலை உயர்த்திப் படுக்கவைத்து சேலைன் ஓடவிட்டோம், பிறகு குளோர்பெனிரமினும் ஹைட்ரோகோர்ட்டிசோனும். அரை மணி நேரத்தில் அழுத்தம் 110க்கு ஏறியது. இரவு முழுக்க விடுதியில் வைத்துப் பார்த்தோம். சிவப்பு பத்து மணிக்குள் போய்விட்டது.

இந்த அட்ரினலினைப் பற்றி எனக்கு இன்றைக்கும் மனக்குறை எதுவும் இல்லை. அந்த நேரத்தில் காரணம் தேடிக்கொண்டு நிற்க முடியாது. இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு யாரும் "இது வெறும் மீன் நஞ்சாக இருக்கலாம்" என்று ஊசியைத் தாமதிக்கக் கூடாது.

நாங்கள் எழுதிய அட்டை

அடுத்த நாள் காலை வீட்டுக்கு அனுப்பும்போது நோயறி அட்டையில் நான் எழுதியது: "மீன் ஒவ்வாமை. காசநோய் மருந்துக்கும் ஒவ்வாமை இருக்கலாம். மார்பு நோய் கிளினிக்கில் காட்டும்வரை மருந்தை நிறுத்தவும்."

சாப்பிட்ட மற்ற நான்கு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று மனைவி சொன்னார். ஒரே சட்டி, ஒருவருக்கு மட்டும் வருத்தம் என்றால் மீனில் பிழையில்லை, ஆளின் உடம்பில்தான் பிழை என்று முடிவுகட்டினேன். மூத்த மகள் அப்போது ஒன்று சொன்னாள்: "எனக்கும் நாக்கு சுள்ளெண்டுதான் இருந்தது. அம்மம்மா மிளகு கூடப் போட்டுட்டா எண்டு நினைச்ச நான்." அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். சட்டிக்குள் மிளகே போடவில்லை என்பது பிறகு கேட்டபோதுதான் தெரிந்தது.

12 நாட்கள்

அவர் கிளினிக்குக்குப் போகவில்லை. குளிசை கொடுக்கும் பணியாளர் கேட்டபோது என் அட்டையைக் காட்டியிருக்கிறார். வைத்தியர் நிறுத்தச் சொல்லி எழுதியிருக்கும்போது அவர் என்ன செய்வார்? சரி, கிளினிக் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்.

எட்டாம் நாள் வீட்டில் மறுபடியும் சூரை. மாமி பயந்து வேண்டாம் என்றிருக்கிறார். இவர் கேட்கவில்லை, ஒரு துண்டு சாப்பிட்டுப் பார்த்தார், ஒன்றும் செய்யவில்லை. மிச்சத்தையும் சாப்பிட்டார். அப்போதும் ஒன்றும் இல்லை. வீட்டில் அன்றைக்கே தீர்ப்பு எழுதியாயிற்று: மீன் நிரபராதி, குளிசைதான் குற்றவாளி. அவர்கள் கணக்கில் பிழை காண முடியாது, அவர்களுக்குத் தெரிந்த அளவில் அது சரியான கணக்கு.

பதினோராம் நாள், வராதவர் பட்டியலைப் பார்த்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு தேடிப் போனார். அவருக்கு மனைவி சொன்ன வசனத்தை அப்படியே எனக்குத் தொலைபேசியில் சொன்னார்: "குளிசை விட்டதுக்குப் பிறகு மீன் ஒண்டும் செய்யல்ல. அப்ப குளிசைதானே சேர்?" சொல்லிவிட்டு அவரே தொடர்ந்தார். "ஆனா டொக்டர், அஞ்சு கிழமை குளிசை போட்டும் ஒண்டும் செய்யல்லையே."

குளிசை மட்டும்: ஒன்றும் இல்லை. மீன் மட்டும்: ஒன்றும் இல்லை. இரண்டும் ஒரே நாளில்: அழுத்தம் 90. இதை இப்படி அடுக்கிச் சொல்லக் கேட்ட பிறகுதான் எனக்குப் படிப்புக் காலத்தில் வாசித்த ஒன்று ஞாபகத்துக்கு வந்தது.

மாஸ்ட் கலத்தின் மேல் விழுந்த சந்தேகம்

நான் "ஒவ்வாமை" என்று எழுதியபோது உண்மையில் யார்மேல் பழி போட்டேன்? மாஸ்ட் கலங்களின் மேல். ஆகவே அந்தக் கலங்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது தெரிந்தால்தான் இது அவற்றின் வேலை இல்லை என்பது புரியும்.

மாஸ்ட் கலங்கள் உடம்பின் எல்லைகளில் இருப்பவை: தோலுக்கடியில், மூச்சுக்குழாய்ச் சுவரில், குடற்சுவரில், சிறு இரத்தக் குழாய்களைச் சுற்றி. 1878இல் பவுல் ஏர்லிக் தன் ஆய்வேட்டில் சாயமிட்டு இவற்றைக் காட்டினார். உள்ளே மணிமணியாக நிறைந்திருந்ததைப் பார்த்து, நன்றாகத் தீனி தின்ற கலம் என்று பொருள்படும் ஜெர்மன் பெயர் வைத்தார். அந்த மணிகள் தீனியில்லை என்பது பிறகு தெரிந்தது. ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள், இரத்தத்தை உறையவிடாத ஹெப்பாரின், ட்ரிப்டேஸ் முதலான நொதியங்கள், அழற்சியை எழுப்பும் டி.என்.எஃப். என்ற புரதம், எல்லாம் முன்கூட்டியே செய்து அடுக்கிவைத்தவை. எங்கள் பக்கம் வட்டையில் யானைக் காவலுக்குப் பரணில் இருப்பவரிடம் யானை வெடி கையிலேயே இருக்கும், யானை வந்த பிறகு கடைக்குப் போக முடியாது. மாஸ்ட் கலமும் அப்படித்தான். இரத்தத்தின் மற்ற வெள்ளைக் கலங்கள் வந்து சேர மணிக்கணக்காகும்போது இது நொடிகளில் கொட்டிவிடும்.

கொட்டுவதால் என்ன பயன்? ஹிஸ்டமின் குழாய்களைத் தளர்த்திக் கசியவிடும், அந்தக் கசிவு வழியாக நிர்ப்பீடனக் கலங்களும் பிறபொருளெதிரிகளும் இடத்துக்கு வந்து சேரும். குடலில் சளியும் அசைவும் கூடிப் புழுக்கள் வெளியே தள்ளப்படும். 1996இல் வெளிவந்த இரண்டு எலி ஆய்வுகள், மாஸ்ட் கலம் இல்லாத எலிகள் பற்றீரியாத் தொற்றில் எளிதில் மடிவதையும், அந்தக் கலங்களைக் கொடுத்தால் தப்புவதையும் காட்டின. 2006இல் இன்னொன்று: எலிகளில் மாஸ்ட் கலத்தின் நொதியங்கள் சில பாம்பு நஞ்சுகளையும் தேனீ நஞ்சையும் உடைத்து அவற்றின் வீரியத்தைக் குறைக்கின்றன. ஒவ்வாமை என்ற ஒரே சொல்லுக்குள் இந்தக் கலத்தை அடைத்துவைத்திருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இப்போது நம் நோயாளிக்கு வருவோம். உணவு ஒவ்வாமையில் மாஸ்ட் கலம் வெடிக்க வேண்டுமானால், அதன் மேல் ஐஜிஈ என்ற பிறபொருளெதிரி முன்பே ஒட்டியிருக்க வேண்டும். அந்த ஐஜிஈ குறித்த ஒரு புரதத்தை அடையாளம் காணும், மறக்காது. மீன் புரதத்துக்கு எதிராக அது இருந்திருந்தால் எட்டாம் நாளும் இவர் எங்களிடம் வந்திருப்பார். குளிசைக்கு எதிராக இருந்திருந்தால் அந்த ஞாயிறு காலை, மதிய மீனுக்கு முன்பே, ஏதாவது நடந்திருக்கும். ஒவ்வாமைக்கு உடற்பயிற்சியோ வலிக் குளிசையோ துணை சேர்ந்தால்தான் வெளிப்படும் சிலரும் உண்டு. அதையும் யோசித்தோம். அன்றைக்கு வேறு குளிசை எதுவும் போடவில்லை, கடுமையான வேலையும் இல்லை. தணர்ப்பில்லாத அந்தச் சீரான சிவப்பும், மகளின் நாக்குச் சுள்ளென்றதும் மீனையே காட்டின.

ஹிஸ்டமின் அவர் உடம்பில் இருந்தது உண்மை. அது சட்டியிலிருந்து வந்தது. சூரை, கெளவல்லா போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. மீன் செத்த பிறகு சூட்டில் கிடந்தால் பற்றீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒருமுறை உண்டான ஹிஸ்டமினைக் கொதிக்கவைத்தும் பொரித்தும் அழிக்க முடியாது, பிறகு ஐஸில் வைத்தாலும் போகாது. மணமும் காட்டிக்கொடுக்காது. நாக்கில் மிளகு பட்ட உணர்வு சிலருக்கு வரும், அவ்வளவுதான்.

அப்படியானால் மற்ற நால்வர் எப்படித் தப்பினார்கள்? அளவு மிக அதிகமாக இருந்தால் எல்லோரும் விழுந்திருப்பார்கள். அன்றைய சட்டியில் இருந்தது சாதாரண ஆள் தாங்கும் அளவு. நம் குடற்சுவரில் டயமைன் ஒக்சிடேஸ் என்ற நொதியம் உணவோடு வரும் ஹிஸ்டமினை உடைத்துவிடும். ஐசோநியாசிட் அந்த நொதியத்தை மடக்கிப் போடுகிறது. வாசற்காவல் இல்லாத வீட்டுக்குள் நுழைவதுபோல ஹிஸ்டமின் நேரே இரத்தத்துக்குள் போகிறது. மருமகனுக்கென்று கூடப் போட்ட இரண்டு துண்டும் சேர்ந்துகொண்டது. இது எங்கள் நாட்டுக்குப் புதிதும் இல்லை: காசநோயாளிகள் சூரை வகை மீன் சாப்பிட்டு இப்படி வருவதை 1970களிலேயே இலங்கை வைத்தியர் சி. ஜி. ஊரகொட ஆய்வாக எழுதிவைத்திருக்கிறார்.

மாஸ்ட் கலம் வெடித்ததா என்று பார்க்க இரத்தத்தில் ட்ரிப்டேஸ் அளக்கலாம். தொடங்கி ஒன்று இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்தால் நல்லது. மாஸ்ட் கலம் வெடித்தால் அது உயரக்கூடும், வெளியிலிருந்து வந்த ஹிஸ்டமினில் உயராது. எங்களிடம் அந்த வசதி இல்லை. இருந்த கதையைச் சரியாகக் கேட்டிருந்தாலே போதுமாக இருந்திருக்கும்.

டூனா என்றால் என்ன

வெள்ளிக்கிழமை, பன்னிரண்டாம் நாள், மார்பு நோய் கிளினிக்கில் அவரையும் மனைவியையும் இருத்திக் கதைத்தோம். சிகிச்சை தொடங்கிய நாளில் யாரும் மீனைப் பற்றிச் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"சொன்னாங்க டொக்டர். டூனா மீன் சாப்பிட வேணாம் எண்டு சொன்னாங்க. நான் டூனா வாங்கவே இல்ல."

"அண்ணன், சூரைதானே டூனா."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "டூனா எண்டா டின்னில வாறதெல்லா? சூரையை நான் சின்ன வயசில இருந்து பிடிக்கிற நான்."

அந்த அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கிளினிக் தன் கடமையைச் செய்திருந்தது, அறிவுரை சொல்லியிருந்தது, புத்தகத்தில் சரி அடையாளமும் போட்டிருந்தது. முப்பது வருடம் அந்த மீனைக் கையால் தூக்கிய மனிதருக்கு, அவர் அறியாத பெயரில் சொல்லியிருக்கிறது. அறிவுரை அவர் காதில் விழுந்தது, அதை அவர் மதித்தும் நடந்தார்.

எடுத்த தீர்மானங்கள்

முதல் கேள்வி, குளிசையை எப்படித் திரும்பத் தொடங்குவது. மருந்து ஒவ்வாமை என்ற சந்தேகம் அட்டையில் இருக்கும்போது வழக்கமான வழி, மருந்துகளை ஒவ்வொன்றாகச் சிறிய அளவில் கொடுத்துப் பார்ப்பது. அதற்குப் பல நாள் போகும். மார்பு நோய் வைத்திய நிபுணர் அதற்கு உடன்படவில்லை. ஐந்து கிழமையில் தடிப்போ மருந்துக் காய்ச்சலோ இல்லை, ஈரல் பரிசோதனை சரியாக இருக்கிறது, அன்றைய நிகழ்வுக்கு வேறு முழுமையான விளக்கம் கிடைத்துவிட்டது. தேவையில்லாமல் ஒன்றிரண்டு மருந்தை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் கிருமி எதிர்ப்புப் பெறவும் வழியாகும். இன்னொரு நெருக்கடியும் இருந்தது. பரவலாகக் கைக்கொள்ளப்படும் விதிப்படி, முதற்கட்டச் சிகிச்சையில் இடைவெளி 14 நாளைத் தொட்டால் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவர் 12 நாளில் நின்றார்.

அன்று மாலையே விடுதியில் அனுமதித்தோம். சனிக்கிழமை காலை மூன்று குளிசையும் முழு அளவில். பக்கத்தில் அட்ரினலின் தயாராக இருந்தது. நான்கு மணி நேரம் அரை மணிக்கொருதரம் அழுத்தம் எடுத்தோம். ஒன்றும் நடக்கவில்லை. மத்தியானம் விடுதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு உறங்கினார். திங்கள் வீட்டுக்குப் போனார், தவறிய 12 நாளும் முதற்கட்டத்தின் கடைசியில் சேர்க்கப்பட்டன.

மீனையும் குளிசையையும் சேர்த்துக் கொடுத்து நிரூபிக்க வேண்டுமா என்று ஓர் இளம் வைத்தியர் கேட்டார். தேவையில்லை என்று விட்டோம். அழுத்தம் விழுந்த ஒருவருக்கு அதைத் திரும்பச் செய்து பார்ப்பது எங்கள் ஆவலுக்காகவே இருக்கும், அவருக்கு அதில் ஒரு பயனும் இல்லை.

இரண்டாவது, பழைய அட்டை. "மீன் ஒவ்வாமை" என்ற சொல்லைச் சிவப்பு மையால் வெட்டி, "ஐசோநியாசிட் எடுக்கும் காலத்தில் ஹிஸ்டமின் மீன் நச்சு. மீன் ஒவ்வாமை இல்லை. மருந்து ஒவ்வாமை இல்லை" என்று எழுதி, திகதியும் கையொப்பமும் இட்டேன். மீன் பிடித்துச் சாப்பிடும் ஒரு குடும்பத்தில், மெலிந்துபோய்ப் புரதம் தேவைப்படும் ஒருவருக்கு, வாழ்நாள் முழுக்க மீன் கூடாது என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போயிருந்தேன். அதை வெட்டும்போது கை கூசியது.

பின்பு நடந்தது

வீட்டில் பயம் உடனே போகவில்லை. மாமிதான் கடைசிவரை நம்ப மறுத்தார், தன் ஆணத்தைத்தான் எல்லோரும் குறை சொல்கிறார்கள் என்று அவருக்கு மனவருத்தம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இரண்டு தரம் போய், சமைத்ததில் பிழையில்லை, மீன் அடுப்புக்கு வருவதற்கு முன்பே வெயிலில் கெட்டுவிட்டது என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். மச்சானுக்கும் சொன்னார். அவர் இப்போது கறிக்கு எடுக்கும் மீனையும் ஐஸ் பெட்டிக்குள்ளேதான் போட்டுக் கொண்டுவருகிறாராம்.

நோயாளிக்கு வாவி மீனும் இறாலும் முட்டையும் பருப்பும் என்று சாப்பாடு ஓடியது. முதற்கட்டம் முடிந்தபோது சளியில் கிருமி இல்லை. நிறை 56 கிலோ ஆனது, அதற்கேற்பக் குளிசை நான்கானது.

மாற்றியவை

எங்கள் அவசரப் பிரிவில் முதல் நாள் அட்டையில் "ஒவ்வாமை" என்று முடிவாக எழுதுவதை நிறுத்திவிட்டோம். "ஒவ்வாமை போன்ற எதிர்விளைவு, காரணம் பார்க்கப்படுகிறது" என்று எழுதுகிறோம். தணர்ப்பு இருந்ததா இல்லையா, சாப்பிட்டு எத்தனை நிமிடம், கூடச் சாப்பிட்டவர்களுக்கு நாக்கிலாவது ஏதாவது இருந்ததா, வேறு என்ன குளிசை போடுகிறார் என்று கேட்டு எழுதிவைக்கிறோம். காசநோய்க் குளிசையை எங்கள் பிரிவிலிருந்து நிறுத்துவதானால், எழுதுவதற்கு முன் கிளினிக்குக்கு ஒரு அழைப்பு எடுக்க வேண்டும். நோயாளி கையில் கடிதம் கொடுத்துவிடுவதை நான் இனி அறிவித்ததாகக் கணக்கெடுப்பதில்லை.

கிளினிக்கில் மீன் பட்டியல் மாறியது. மாற்றியவர் அந்த நோயாளிதான். மூன்றாம் மாதம் வந்தபோது பழைய தாளைக் கொடுத்து, இதில் உள்ளதை உங்கள் ஊரில் என்ன பெயரில் சொல்வீர்கள் என்று கேட்டேன். பேனையை வாங்கி ஒவ்வொன்றாக எழுதினார்: சூரை, கெளவல்லா, கும்பளா, அறுக்குளா, சாளை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாசி போடல்லையே டொக்டர்? மாசியும் சூரையிலதானே செய்யிறது" என்றார். நாங்கள் யாரும் அதை யோசிக்கவில்லை. சம்பலுக்கு மாசி இடிக்காத வீடு இந்தக் கரையில் குறைவு. மாசியும் சேர்ந்தது. அந்தத் தாள் மீன் படங்களோடு இப்போது குளிசை கொடுக்கும் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறது.

சிகிச்சை முடிந்ததும் இன்னும் இரண்டு கிழமை பொறுக்கச் சொன்னோம். பொறுத்தார். அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐஸ் பெட்டியில் வந்த சூரையை மாமி ஆணம் வைத்தார், எல்லோரும் சாப்பிட்டார்கள், ஒருவருக்கும் ஒன்றும் செய்யவில்லை. மகள் எனக்குத் தொலைபேசியில் சொன்னாள்: நாக்கும் சுள்ளென்று இருக்கவில்லை.